படுத்திருக்கும் பத்து நிமிஷம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்து சிப்காட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. என் முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா, பக்கத்தில் யோகா பாயைச் சுருட்டி வைத்திருந்த பெண்ணிடம் கேட்டார்:

"சும்மா படுத்துக் கெடக்கறதுக்குமா காசு வாங்குறீங்க?"

"கிளாஸ்ல கடைசி பத்து நிமிஷம் சவாசனம்க்கா, அசையாம படுத்திருக்கணும். அதுக்கெல்லாம் காசு கேக்காதீங்கன்னு ஒருத்தர் சண்டை போட்டாரு. எல்லாருக்குமே ஃபீஸைக் கொறைச்சிட்டேன்."

"நியாயந்தானே."

"தனியா இருக்கற ஒரு ரிட்டையர்டு நர்சம்மா மட்டும் பழைய ஃபீஸே குடுத்தாங்க. 'நான் கண்ண மூடிப் படுத்திருக்கறப்போ பக்கத்துல ஒரு ஆள் ஒக்காந்திருக்குதுல்ல, அதுக்குத்தாம்மா காசே'ன்னாங்க."

பேருந்து புதுச்சத்திரத்தைத் தாண்டியது. அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அந்தப் பத்து நிமிஷம் மட்டும்னா எவ்ளோம்மா?"