பட்டியலில் பத்துப் பேர்

கிட்ட வாருங்கள். மெழுகுதிரியை நடுவில் வையுங்கள். கரண்ட் இனி விடியத்தான் வரும். ஒரே ஒரு நிபந்தனை... கதை முடியும்வரை இந்த அறையில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று யாரும் எண்ணக்கூடாது. ஏன் என்று போகப் போக விளங்கும்.

இது எனக்கு நடந்ததல்ல. என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்த ரபீக்காவின் நானா, அதாவது அண்ணன், றஊப்புக்கு நடந்தது. ரபீக்கா பொய் சொல்லுகிறவள் அல்ல. அதற்கு வேண்டிய கற்பனை அவளுக்குக் கிடையாது.

பின்னேரம் ஐந்தே முக்கால் மணி. நிலாவெளி றோட்டு. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, தை மாதம். சண்டையை நிற்பாட்டியிருக்கிறோம் என்று ஆமியும் இயக்கமும் சொன்ன கொஞ்ச மாதங்கள் இருந்தனவே, அந்த நேரம். றோட்டில் ஒரு வான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கூரையில்லாத வீடுகள். ஒரு சைக்கிள்கூட எதிரில் வரவில்லை.

வானுக்குள் ஒன்பது பேர், ஓட்டுகிற மஹ்ரூபையும் சேர்த்து. எல்லாரும் துறைமுகத்தடி அரிசிக் களஞ்சியம் ஒன்றில் வேலை. ஐந்து வருடமாய் எங்கேயும் போகாத சனம், சண்டை நின்றது என்றதும் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஆகிவிட்டார்கள். நிலாவெளிக்கு உள்ளே, உப்பளப் பக்கம், வெள்ளைக்காரன் காலத்து வீடு ஒன்று. ஆறு அறை. கொழும்பில் இருக்கிற சொந்தக்காரர் அதைக் கூட்டமாய் வருகிறவர்களுக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தார். கடல் கிட்ட. விசேஷம் என்னவென்றால், அங்கே விளையாடுவதற்கென்றே பெரிய அறை ஒன்று இருந்தது. துணி கிழிந்த பில்லியட் மேசை... அதற்குப் பக்கத்தில் நல்ல கரம் போர்ட்.

களஞ்சியத்தில் கரம் என்றால் கனகரத்தினம்தான். றஊப்பின் உயிர்ச் சிநேகிதன். பாலையூற்றில் தாயோடு இருந்தான். இந்தப் பயணமே அவன் போட்ட திட்டம். ஆனால் அன்றைக்குத் தாய் கனகம்மாவுக்கு மருந்து எடுக்க வேண்டியிருந்தது. "நீங்கள் முன்னுக்குப் போங்கோடா. நான் கடைசி பஸ்ஸிலை வாறன்," என்று சொல்லிவிட்டான்.

இங்கேதான் றஊப் ஒரு பிழை செய்தான்.

அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் இரவு யார் யார் படுக்கிறார்கள் என்று பட்டியல் எழுதி, ஆமி முகாமில் முத்திரை குத்தி, வாசல் கதவின் உட்புறத்தில் ஒட்டவேண்டும். சொந்த வீடென்றாலும் சரி, வாடகை வீடென்றாலும் சரி. நடுச்சாமத்தில் வந்து தட்டுவார்கள். பெயரை வாசித்துத் தலையை எண்ணுவார்கள். பட்டியலில் உள்ளவன் வீட்டில் இல்லையென்றால், எங்கே போனான்? வீட்டில் உள்ளவன் பட்டியலில் இல்லையென்றால், எங்கிருந்து வந்தான்? பதில் சொல்ல எல்லாரையும் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

முகாமில் ஆறு மணிக்குப் பதிவு முடிந்துவிடும். பஸ் வருவது ஆறே முக்காலுக்கு. வரப்போகிறவன்தானே என்று றஊப் பத்தாவது பெயரையும் எழுதினான். கனகரத்தினம். கீழே பொறுப்பாளி என்று தன் கையெழுத்தைப் போட்டான். முத்திரை விழுந்தது.

ஆறே முக்காலுக்கு அவன் றோட்டில் போய் நின்றான். பஸ் வந்தது. நிற்கவில்லை. கொண்டக்டர் வெறுங்கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனான். ஏழு மணிக்குப் பிறகு வெளியில் தலைகாட்ட ஏலாது. முகாமுக்குத் திரும்பிப் போய், ஒரு ஆள் குறைவு என்று சொல்லவும் வழியில்லை.

றஊப் வீட்டுக்கு வந்தபோது காவல்காரர் இராசையா கூடத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தார். ஆறு அறை இருந்தும் ஒருவரும் தனியறையில் படுக்கச் சம்மதிக்கவில்லை. றஊப் பாயை எண்ணினான். பத்து.

"ஐயா, ஒண்டு கூட. நாங்கள் ஒன்பது பேர்தான்."

இராசையா கதவில் ஒட்டியிருந்த பட்டியலைக் காட்டினார். "பேரை எழுதிப்போட்டியள் தம்பி. பேருக்கு ஒரு பாய் போடத்தான் வேணும். இந்த வீட்டிலை வெறும் பேராய் விடக்கூடாது."

அதற்குமேல் கதைக்காமல், ஏழு மணிக்கு முன் தன் குடிலுக்குப் போய்விட்டார்.

பயந்தவன் பாட்டுப் பாடுவான், பாடத் தெரியாதவன் கரம் விளையாடுவான். லாம்பைக் கொளுத்தி வைத்துக்கொண்டு விளையாடினார்கள். ஒரு பக்கம் தவராசாவும் சரீப்பும். மற்றப் பக்கம் றஊப். அவனுக்கு எதிர்க் கதிரை வெறுமை, கனகரத்தினத்தின் கதிரை. தவராசாதான் எல்லாருக்கும் மூத்தவர். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"வராட்டியும் அவன்ர முறை அவனுக்குத்தான். அடியுங்கோ றஊப், அவனுக்காக நீங்கள் அடியுங்கோ."

முறை வரும்போதெல்லாம் "கனகரத்தினத்தின்ர அடி!" என்று எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள். றஊப் எழும்பிப் போய் அந்தப் பக்கம் நின்று சுண்டுவான். கரம் பவுடர் கிடைக்காத காலம். முகப்பவுடரைத்தான் பலகையில் கொட்டியிருந்தார்கள். அறை முழுக்கக் குழந்தைப்பிள்ளை வாசம். பத்து மணிக்கு ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் படுத்தார்கள். பலகையில் றஊப் பக்கத்துக் கறுப்புக் காய் ஐந்து மிச்சம்.

றஊப்புக்கு நித்திரை வரவில்லை. தட்டுவார்களா, தட்டமாட்டார்களா என்று காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்தான். கடல் இரைந்தது. லாம்பைத் தணித்து வைத்திருந்தார்கள்.

டொக்.

விளையாட்டு அறையிலிருந்து வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு... டொக். சளக். காய் ஒன்று வலைக்குள் விழுகிற சத்தம். அவன் இருட்டில் தலைகளை எண்ணினான். தன்னைச் சேர்த்து ஒன்பது. எல்லாரும் பாயில்தான். பத்தாவது பாய் கதவோரம் வெறுமையாய்க் கிடந்தது.

டொக். சளக்.

அப்போதுதான் நாய்கள் குரைத்தன. ட்ரக் சத்தம். கதவில் துவக்குப் பிடியால் மூன்று தட்டு.

எல்லாரையும் கூடத்தில் வரிசையாய் நிற்க வைத்தார்கள். கதவு திறந்த காற்றில் லாம்பு அணைந்துவிட்டது. ஒரு டோர்ச் லைட் மட்டும். வரிசையின் கடைசி விளையாட்டு அறை வாசலடியில் போய் முடிந்தது. றஊப் முதலாவதாய் நின்றான். ஒன்பது பேரையும் ட்ரக்கில் ஏற்றப்போகிறார்கள், எல்லாம் என் கையெழுத்தால்... அது ஒன்றுதான் அவன் தலைக்குள் ஓடியது.

ஆமிக்காரன் தமிழைக் கடித்துக் கடித்துப் பெயர் வாசித்தான். ஒவ்வொருவராய் "ஓம்" சொன்னார்கள். ஒன்பது முடிந்தது.

"கனகரத்தினம்."

றஊப் கண்ணை மூடினான்.

"ஓம்."

வரிசையின் கடைசியிலிருந்து. தணிந்த குரல். அவசரமில்லாத குரல். டோர்ச் வெளிச்சம் அந்தப் பக்கம் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு றஊப்பின் முகத்துக்குத் திரும்பியது.

"அது உங்கட ஆளா?"

யாரோ கெட்டிக்காரன் இரண்டு தரம் ஓம் சொல்லியிருக்கிறான் என்றுதான் றஊப் நினைத்தான். திரும்பிப் பார்த்தால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவன் திரும்பவில்லை.

"ஓம் ஐயா. எங்கட ஆள்தான்."

ஆமிக்காரன் டோர்ச்சை ஒவ்வொரு தலையாய்க் காட்டிச் சிங்களத்தில் எண்ணிக்கொண்டு போனான். பத்தில் முடித்தான். "ஹரி," என்றான், கணக்குச் சரியாம். போய்விட்டார்கள்.

தவராசா றஊப்பைக் கட்டிப்பிடித்தார். "ஆரடா அந்த ஓம் சொன்னது? அவனுக்கு ஒரு மாலை போட வேணும்!"

சரீப், மஹ்ரூபைப் பார்த்தான். மஹ்ரூப், தவராசாவைப் பார்த்தான். நான் இல்லை... நான் இல்லை... ஒருவரும் இல்லை. சரி, குரல் ஒன்று கள்ளக்குரலாகவே இருக்கட்டும். தலை? அவன் பத்துத் தலை அல்லவா எண்ணினான்?

லாம்பைக் கொளுத்தினார்கள். ஒன்பது பேர்.

கதவோரப் பாய் கசங்கிக் கிடந்தது. தலையணையில் ஆள் படுத்த பள்ளம். அதன் ஓரத்தில் முகப்பவுடர் வாசம். தவராசா லாம்பைத் தூக்கிக்கொண்டு விளையாட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார். பலகையில் கறுப்புக் காய் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வலைக்குள்.

விடியும்வரை சுவரோடு சுவராய்க் குந்தியிருந்தார்கள். தொழத் தெரிந்தவன் தொழுதான், கும்பிடத் தெரிந்தவன் கும்பிட்டான். ஆறு மணிக்குக் குளிக்கவுமில்லை, கடலைப் பார்க்கவுமில்லை, வானில் ஏறிவிட்டார்கள். பின் சீற்றில் இருக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஆளோடு ஆள் நெருக்கி முன்னுக்கே இருந்தார்கள். பின் சீற் வெறுமை.

முகாமில் பட்டியலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காவலுக்கு நின்றவன் வானுக்குள் தலையை நீட்டி எண்ணினான். கடைசியாகப் பின் சீற்றைப் பார்த்தான்.

"பத்து. ஹரி. போங்க."

ஒருவரும் பின்னுக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. உப்புவெளி கழிந்தது. பட்டணம் கழிந்தது. பாலையூற்றில், கனகரத்தினத்தின் ஒழுங்கை முகப்பில் மஹ்ரூப் பிறேக் போட்டான்.

"ஏன் நிப்பாட்டினனீ?" என்று கேட்டார் தவராசா.

"ஆரோ 'இறக்கம்' எண்டு சொன்னியள்தானே?"

பின் கதவு சர்ரென்று திறந்தது. மூடியது.

றஊப்புக்கு அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. கனகரத்தினத்துக்கு ஏதோ நடந்துவிட்டது. செத்துப்போய்விட்டான், அதனால்தான் இப்படி... அவன் பயத்தையும் மறந்து இறங்கி ஒழுங்கைக்குள் ஓடினான்.

கனகம்மா கதவைத் திறந்தாள். சிரித்த முகம்.

"வாங்கோ தம்பி. உங்கட வானிலைதானே வந்தவன்? இப்பதான் போய்ப் படுத்தவன். இரவிரவாய் விளையாட்டாம்."

றஊப்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனான். அறைக்குள் எட்டிப் பார்த்தான். சுவர்ப்பக்கம் திரும்பி, தலைவரை போர்த்துக்கொண்டு ஒருவன் படுத்திருந்தான். ஒரு கை மட்டும் வெளியே தொங்கியது. விரல் நுனிகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. குழந்தைப்பிள்ளை வாசம்.

"டேய் றஊப்! நீ எப்படியடா எனக்கு முன்னுக்கு வந்தனீ?"

வாசலில் சத்தம். கையில் மருந்துப் போத்தலோடு கனகரத்தினம் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தான். தாடி முளைத்து, சேட்டு கசங்கி, களைத்துப்போய். "பஸ்ஸை விட்டுட்டன் மச்சான். ஊரடங்கும் விழுந்துட்டுது. பஸ் ஸ்ராண்டடிச் சாப்பாட்டுக் கடையிலை கிடந்து எழும்பி வாறன். அம்மா, ஒரு சொட்டுத் தண்ணி தாங்கோ."

கனகம்மா அவனை உற்றுப் பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள். பிறகு றஊப்பிடம் திரும்பினாள்.

"ஆர் தம்பி இது? உங்கட ஆளா?"

கனகரத்தினம் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "அம்மா...?"

றஊப் வாயைத் திறந்தான். முகம் தெரியாத ஒன்றுக்கு உடனே ஓம் சொன்ன வாய் அது. உயிர்ச் சிநேகிதனுக்கு ஒரு ஓம் சொல்ல அதால் ஏலவில்லை. அதற்குள் அறைக்குள்ளிருந்து பதில் வந்துவிட்டது. அதே தணிந்த குரல். அவசரமில்லாத குரல்.

"எங்களுக்குத் தெரியாத ஆள், அம்மா. கதவைச் சாத்துங்கோ."

"ஓம் ராசா," என்றாள் கனகம்மா.

கதவைச் சாத்தினாள். றஊப் உள்ளே நின்றான். வெளியே கனகரத்தினம் கதவைத் தட்டத் தொடங்கினான். சாத்திய கதவின் உட்புறத்தில் அந்த வீட்டுப் பட்டியல் ஒட்டியிருந்தது. இரண்டே பெயர். தாயின் பெயர், மகனின் பெயர். மகனின் பெயருக்குப் பக்கத்தில், வெள்ளையாய், ஒரு விரல் அடையாளம்.