ஏழுக்கு ஆறு

— ஏழு ஓட்டா? மறுபடி சொல்லு, லொரெட்டா. ஏழே ஏழு ஓட்டு வாங்கினவன் நம்ம கட்சிக்குச் சட்டசபை வேட்பாளரா?

— வேட்பாளர் தேர்வு ஓட்டை டவுன் கிளார்க் ரெண்டு தடவை எண்ணிட்டாங்க, வென்டல். கிராஸ்பிக்கு ஏழு, உனக்கு ஆறு. முதல்ல அந்தப் பால் வாளியைக் கீழே வை, மாடு மிரளுது.

— நம்ம கட்சி ஓட்டுச்சீட்டுல அச்சடிச்சிருந்தது என் பேர் ஒண்ணுதானே!

— அதுக்கடியில ஒரு காலி வரி இருக்கே. அவன் பனிச்சறுக்கு விடுதி ஆளுங்க ஏழு பேர் அதுல பேனாவால அவன் பேரை எழுதிட்டாங்க. வெர்மான்ட்ல யாரும் எந்தக் கட்சிச் சீட்டுலயும் குறி போடலாமே, நீ எந்தக் கட்சின்னு எவன் கேக்குறான்?

— மலையை வளைச்சான், ஆத்தை வளைச்சான். அவன் நிலத்துல டிரெய்லர் வீட்டுல குடியிருக்கிறவங்களுக்கு வாடகையை ஏத்தி ஏத்தி அவங்க முதுகையும் வளைச்சான். இப்ப கட்சியையே வளைச்சுட்டான்! வாடகைக்கு வரம்பு வேணும்னு பதினாலு வருஷமா தொண்டை கிழியக் கத்தினவன் நான். நவம்பர்த் தேர்தல்ல நம்ம கட்சிப் பேருக்கு நேரா அவன் பேரா?

— அவன் பேர்தான்.

— எங்க போனாங்க நம்ம ஆளுங்க? போன மாசம் இதே கொட்டகையில நூத்தி அறுபது பேர் சோளக்கதிர் தின்னாங்க, கை தட்டினாங்க. அத்தனையும் சோளத்துக்கு வந்த கூட்டமா? சொல்லு பார்ப்போம்!

— அட போப்பா. எல்லாரும் வந்தாங்க. மூணு கட்சிச் சீட்டையும் வாங்கினாங்க, ஒண்ணுல குறி போட்டாங்க, மத்த ரெண்டையும் வெறுமையா திருப்பிக் குடுத்தாங்க. குறி போட்டது பெரிய கட்சிச் சீட்டுல.

— ஏன்?

— ஏனா? "தோழர்களே! நம் சீட்டில் போட்டியே இல்லை. பெரிய கட்சியின் சீட்டை எடுங்கள். கல்குவாரி முதலாளி கவர்னர் வேட்பாளராவதைத் தடுத்து நிறுத்துங்கள்!"னு பச்சைத் தாள்ல எழுதி வீடு வீடாக் குடுத்தது யாரு? நம்ம சீட்டுக்கும் ஒரு இருபது பேரை ஒதுக்கி வைப்போம்னு நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன்.

— தொலைநோக்கோட எழுதினேன், லொரெட்டா!

— தொலைவுல இருந்த குவாரி தெரிஞ்சுது, காலடியில இருந்த குழி தெரியல.

— சரி, குத்து. எனக்குப் போட்ட அந்த ஆறு பேர் யாரு? தேடிப்போய்க் கையைப் பிடிச்சு நன்றி சொல்றேன்.

— அவங்களே என்கிட்ட சொன்னதுதான். நான் ஒண்ணு. என் வீட்டுக்காரர், அவருக்குக் கண்ணாடி இல்லாம பச்சைத் தாளைப் படிக்க முடியல. நூலகத்து யூனிஸ். ரோடு வேலை பார்க்கிற ஹாலிஸ் அண்ணன் தம்பி ரெண்டு பேர். அப்புறம் உன் பொண்டாட்டி ஆர்லீன். நீ எழுதுற எதையும் அவ படிச்சதே இல்லையாமே.

— ஆறு ஆச்சு.

— ஆச்சு. ஏன் வென்டல், உன் ஓட்டு எங்க?

— மாட்டுக்குத் தண்ணி வைக்கணும்.

— தண்ணி இருக்கு. என்னைப் பாரு. இன்னும் ஒண்ணு விழுந்திருந்தா ஏழுக்கு ஏழு. கிராஸ்பியை மறுதேர்தலுக்கு இழுத்திருக்கலாம். அந்த நூத்தி அறுபது பேரையும் இந்தத் தடவை நம்ம சீட்டோட நிறுத்தியிருக்கலாம். உன் ஓட்டு எங்கப்பா?

— ஊருக்கு ஒண்ணு சொல்லி, தான் ஒண்ணு செய்யிற ஆள் நான் இல்ல, லொரெட்டா. பச்சைத் தாள்ல என்ன எழுதினேனோ, அதையேதான் செஞ்சேன்.