மேடத்துக்குச் செதில்மீன்

விதுசா: எண்டாலும் இண்டைக்குச் சனிக்கிழமையெல்லோ?

மதிசுதன்: சனிக்கிழமையெண்டா என்ன? கடலில மீன் இல்லையோ?

விதுசா: கடலில இருக்கு. உங்கட கெஸ்ட் ஹவுஸில நிக்கிற மேடம்தான் சனிக்கிழமையில அடுப்புப் பத்தவைக்க விடமாட்டா. நீங்கள்தானே சொன்னனீங்கள், யூதச் சனம் அண்டைக்கு ஒரு வேலையும் செய்யாதாம் எண்டு.

மதிசுதன்: அது... ஓம். இது நாளைக்குச் சமைக்க.

விதுசா: நாளைக்குச் சமைக்க இண்டைக்கு வாங்குறியள். விடியப் பிடிச்ச மீன்தான் வேணுமெண்டு ஒற்றைக்காலில நிண்ட ஆள்.

மதிசுதன்: எங்கட கெஸ்ட் ஹவுஸ் குசினியில பெரிய பிரிட்ஜ் இருக்கு.

விதுசா: சரி, சரி. சமைக்கிறது நீங்கள், எனக்கென்ன. எதை வெட்ட?

மதிசுதன்: வழமையானதுதான். விளைமீன். நல்ல செதிலோட.

விதுசா: மேடத்தின்ர சமயத்துக்குச் செட்டையும் வேணும், செதிலும் வேணும். சுறா ஏலாது, திருக்கை ஏலாது, கெளிறு ஏலாது. இறால், நண்டு, கணவாய் எண்டு வாயே திறக்க ஏலாது. பள்ளிக்கூடத்தில இப்பிடிப் பாடமாக்கியிருந்தா நான் இண்டைக்கு இந்த மீன்சந்தைப் பலகைக்குப் பின்னால நிக்கமாட்டன்.

மதிசுதன்: நல்ல காலம், பாடமாக்கேல்லை.

விதுசா: என்ன?

மதிசுதன்: ஒண்டுமில்லை. கத்தி இந்தாங்கோ.

விதுசா: கத்தியும் மறக்காமல் கொண்டந்தனீங்கள். சுறா வெட்டின கத்தி படக்கூடாது. பொறுங்கோ, பலகையைக் கழுவுறன்.

மதிசுதன்: மெல்லக் கழுவுங்கோ. அவசரமில்லை.

விதுசா: முதல்நாள் நீங்கள் வந்து இந்தச் சட்டமெல்லாம் சொல்ல, எனக்கு விசர் வந்திட்டுது. மனுசனுக்கு மண்டை பிழையாக்குமெண்டு பக்கத்துப் பலகை அலியார் நானாவிட்டச் சொன்னனான்.

மதிசுதன்: நான் என்ன செய்ய? லண்டனில அவையின்ர ஆக்களே நிண்டு பார்த்து முத்திரை குத்தின கடையள் இருக்காம். அங்க கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். திருகோணமலையில ஆர் நிண்டு பார்க்கிறது? அதால வாங்குறவன்தான் முன்னுக்கு நிக்கவேணும். வேற மீன்ர துண்டு கலந்திடக்கூடாது. வெட்டி முடியுமட்டும் கண் எடுக்காமல் பார்க்கவேணும்.

விதுசா: கண் எடுக்காமல்.

மதிசுதன்: ஓம். அதுதான் சட்டம்.

விதுசா: பாவம் நீங்கள். கால் உளையிறேல்லையோ?

மதிசுதன்: இல்லை.

விதுசா: மேல கிடக்கிற மீன் பழசு. பெட்டிக்கு அடியில இருந்து எடுத்துத் தாறன்... முந்தி தோலில ஒரு துண்டு செதிலோட விடச் சொல்லுவியள், மேடம் தன்ர கண்ணால காணவேணுமெண்டு. இப்ப கொஞ்ச நாளாக் கேக்கிறேல்லை.

மதிசுதன்: மேடத்துக்கு உங்களில நம்பிக்கை வந்திட்டுது.

அலியார்: என்ன புள்ள, தம்பிக்கு இன்னும் வெட்டி முடியலயா?

விதுசா: நானா, நீங்கள் பக்கத்தில உங்கட பலகையைப் பாருங்கோ.

அலியார்: என்ட பலகையில கிடக்கிறது இறால். அதுக்குச் செதிலும் இல்ல, அதால தம்பி இந்தப் பக்கம் திரும்புறதும் இல்ல. அந்தத் திமிங்கிலம் பார்க்க வந்த மனுசி அண்டைக்கு வந்து...

விதுசா: நானா, ஊருக்குள்ள திரியிற மான் வருது.

அலியார்: வரட்டும். அந்த மனுசி அண்டைக்கு...

விதுசா: உங்கட கீரைப்பையில வாய் வைச்சிட்டுது நானா.

அலியார்: அட, இதுக்கு வேற இடமே இல்லையா. போ, போ அங்கால.

மதிசுதன்: மேடத்தைப் பற்றி ஏதோ சொல்ல வந்தவர்.

விதுசா: அவருக்கு வாய் சும்மா இராது. இஞ்சருங்கோ...

அலியார்: கேட்டீங்களா தம்பி? மீன் வாங்க வாற ஆம்பிளையெல்லாம் இவளுக்கு அண்ணை. உங்களுக்கு மட்டும் இஞ்சருங்கோ. உங்கட ஆக்களில பொஞ்சாதிமார்தானே புருசனை அப்பிடிக் கூப்பிடுற?

விதுசா: நானா, மற்ற மானும் வருது.

அலியார்: ஒரு மானும் வரல்ல. சரி, நான் போறன், ஐஸ் எடுக்கணும்.

மதிசுதன்: என்னவோ சொல்ல வந்தனீங்கள்.

விதுசா: நாளைக்கு இந்தப் பலகையில எங்கட கதிராமன் அண்ணன்தான் நிப்பார். முறிஞ்ச கால் பொருந்திட்டுது. அண்ணனுக்காகத்தானே நான் வந்து நிண்டனான். நாளைக்கு விடிய பஸ்ஸில வீட்ட போறன். ஈச்சிலம்பற்றுக்கு.

மதிசுதன்: தெரியும். நேற்று அலியார் நானா சொன்னவர்.

விதுசா: அதுதான் சனிக்கிழமையெண்டும் பாராமல் ஓடி வந்தனீங்களோ?

மதிசுதன்: மேடத்துக்கு மீன் வேணும்.

விதுசா: ஓம். மேடத்துக்கு.

மதிசுதன்: மேடத்துக்குச் சரியான கவலை.

விதுசா: என்ன கவலை?

மதிசுதன்: நீங்கள் போனா இனி மீனே வேண்டாமாம்.

விதுசா: ஏன்? அண்ணன் என்னைவிட வடிவா வெட்டுவார்.

மதிசுதன்: வெட்டுவார். ஆனா அண்ணனைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிக்க மேடத்தால ஏலாது.

விதுசா: நிக்கிறது மேடமோ, நீங்களோ?

மதிசுதன்: ...மேடத்துக்காகத்தான் நான் நிக்கிறது.

விதுசா: சரி. வேற என்ன சொன்னவ?

மதிசுதன்: இரவில நித்திரை வருகுதில்லையாம். துறைமுகத்தில கப்பல் ஊதினா எழும்பி இருந்திடுவாவாம். பிறகு எப்ப விடியுமெண்டு கிடக்கிறதாம். விடிஞ்சாத்தானே சந்தை.

விதுசா: பாவம், வயசான மனுசி.

மதிசுதன்: அவ்வளவு வயசில்லை. நாப்பத்திரண்டு.

விதுசா: அண்டைக்கு அறுபது தாண்டிட்டுதெண்டனீங்கள்.

மதிசுதன்: ...ஆளைப் பார்த்தா அப்பிடித் தெரியாது.

விதுசா: கலியாணம் முடிக்கேல்லையோ?

மதிசுதன்: இல்லை. வருத்தக்காரத் தாயைப் பார்த்துக்கொண்டு இருந்தாச்சு. தாயும் போன மாரியில செத்துப்போயிட்டா. ஊர்ச்சனத்துக்கெல்லாம் விதம்விதமாச் சமைச்சுக் குடுத்துப்போட்டு, தனக்கெண்டு ஒரு கோப்பையில சோத்தைப் போட்டுக்கொண்டு இருந்தா, எதிரில கிடக்கிற கதிரை வெறுமையாக் கிடக்குமாம். அதைப் பார்க்கச் சோறு இறங்காதாம்.

விதுசா: ...லண்டனிலயோ?

மதிசுதன்: ஓம். லண்டனில.

விதுசா: மேடத்திட்ட ஒண்டு சொல்லுவியளோ?

மதிசுதன்: சொல்லுங்கோ.

விதுசா: எனக்கும் கவலைதான் எண்டு சொல்லுங்கோ. வந்த புதுசில இந்த நாத்தமும் சத்தமும் எப்படா முடியுமெண்டு இருந்தனான். இப்ப அண்ணன் கோல் இல்லாமல் நடக்க, சந்தோசப்படவேண்டிய நான் குசினிக்குள்ள போய் நிண்டு அழுதனான். ஊருக்குப் போனா காலமையில கை சும்மா கிடக்கும். ஆரும் முன்னால நிண்டு பார்க்கமாட்டினம்.

மதிசுதன்: உண்மையாவோ?

விதுசா: மேடத்திட்டச் சொல்லச் சொன்னனான். உங்களிட்ட இல்லை.

மதிசுதன்: ஓம். சொல்லுறன். கட்டாயம் சொல்லுறன்.

விதுசா: எங்கட பக்கமும் மீன் இருக்கு. ஐயாட்டத் தோணி இருக்கு.

மதிசுதன்: மேடம் அவ்வளவு தூரம் வந்தா ஒருத்தரும் பிழையா நினைக்கமாட்டினமோ?

விதுசா: ஆக்கள் எதையும் நினைப்பினம். வெருகல் பஸ்ஸில ஏறினா ஈச்சிலம்பற்றில இறக்கிவிடுவான். இறங்கி என்ர பேரைச் சொல்லிக் கேக்கவேண்டாம். கோணாமலை வீடு எண்டு ஐயாவின்ர பேரைச் சொன்னா ஆரும் காட்டுவினம்.

மதிசுதன்: ஐயாட்ட மீன் வாங்க வந்தனெண்டு சொல்லவோ?

விதுசா: மீனெண்டு சொன்னா மீனைத் தந்து அனுப்பிப்போடுவார்.

மதிசுதன்: பின்ன என்னெண்டு சொல்ல?

விதுசா: அதையும் நானோ சொல்லித் தரவேணும்?

மதிசுதன்: இல்லை... மேடத்தையும் கூட்டிக்கொண்டு வரட்டோ எண்டு...

விதுசா: மதிசுதன்.

மதிசுதன்: ஓம்?

விதுசா: மேடம் எப்பவோ போயிட்டா. திமிங்கிலம் பார்க்க வந்த மனுசி, திமிங்கிலம் போக அவவும் போயிட்டா. போறண்டைக்கு ஓட்டோவை நிப்பாட்டிப்போட்டு இந்தப் பலகைக்கு முன்னால வந்து நிண்டவ. மீன்கையெண்டும் பாராமல் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இங்கிலீசில கதைச்சவ. அலியார் நானாதான் தமிழில சொன்னவர்.

மதிசுதன்: ...என்ன சொன்னவ?

விதுசா: இவ்வளவு நாளும் சுத்தமா வெட்டித் தந்ததுக்கு நன்றியாம். இனி என்ர சமையல்காரனுக்கு இங்க வர ஒரு சாட்டும் இல்லை, பாவம், எண்டவவாம். அடுத்தநாள் நீங்கள் வந்து நிண்டு மேடத்துக்கு விளைமீன் எண்டு கேட்டியள். நானும் பெட்டிக்கு அடியில இருந்து கெளிறை எடுத்துத் தோலுரிச்சுத் தந்தனான். அதுக்கு அடுத்தநாள் சுறா. இண்டைவரைக்கும் செதிலுள்ள ஒரு மீன் உங்களுக்கு நான் தரேல்லை. ஒருநாளாவது குனிஞ்சு மீனைப் பார்த்தனீங்களோ?

மதிசுதன்: பார்க்கேல்லை. ஆனா தெரியும். முதல்நாள் சட்டியில போட்டவுடனயே தெரிஞ்சிட்டுது.

விதுசா: பின்ன ஏன் ஒண்டும் கேக்கேல்லை?

மதிசுதன்: சட்டத்துக்கு ஏலாத கெளிறை வெட்டவும் நீங்கள் மெல்ல மெல்லப் பலகையைக் கழுவிக்கொண்டெல்லோ நிண்டனீங்கள்.