பன்னிரண்டாவது கையெழுத்து

— அலோர், சொல்லு, கையெழுத்து போடறியா இல்லியா? பதினோரு பேரு போட்டாச்சு, ராமலிங்கம். நீ ஒருத்தன்தான் பாக்கி.

— என்னன்னு எழுதியிருக்க, புருஷோத்தமா? இரு, கண்ணாடிய எடுத்தாரேன்.

— நானே படிக்கிறேன். "ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் சண்டையில் இருக்கும் பிரெஞ்சுப் படைக்கு உதவியாக இன்னும் ஆள் அனுப்ப வேண்டும். பாண்டிச்சேரியில் பென்ஷன் வாங்கும் பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாக்கள் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்." அவ்ளோதான். அடுத்த வாரம் பாரீசுல இதத்தான் பேசப் போறானுங்க.

— பன்னெண்டு கெழவனுங்க முதலியார்பேட்டையில இருந்து சொன்னா அனுப்பிடுவானுங்களா?

— கேட்டுப் பாப்போம்.

— நான் போட மாட்டேன். அந்த ஊரு ஜனமே வெளிய போங்கடான்னு கல்லால அடிக்குது. பிரான்சுலயும் யாருக்கும் புடிக்கல. இதுல இன்னும் புள்ளைங்கள அனுப்புன்னு நான் எழுதித் தரணுமா?

— தப்பான சண்டதான். நான் இல்லன்னேனா? ஆனா என் பையன் அங்க இருக்கான். இருபது பேரு நிக்க வேண்டிய காவல்ல எட்டு பேரு நிக்கறானுங்களாம். போன வாரம் போன்ல பேசிக்கிட்டே தூங்கிட்டான். கொறட்ட கேட்டுச்சு. நான் கட் பண்ணாம கேட்டுக்கிட்டே இருந்தேன்.

— இந்தாங்கண்ணே, காப்பி. கலைச்செல்வன் எப்ப வரான்?

— பதில் ஆளு போனாதான் வருவான், செல்வாம்பா. உங்க கமலக்கண்ணனுக்கு முட்டி எப்படிம்மா இருக்கு?

— ஐயோ!

— பாத்து பாத்து. கைல பட்டுடுச்சா?

— இல்லண்ணே. கொஞ்சம் சிந்திடுச்சு, தொடச்சிடறேன்.

— அவன் முட்டி இன்னும் சரியாவல. அத எதுக்கு இப்ப இழுக்கற, புருஷோத்தமா?

— விசாரிக்கக் கூடாதா? ரெண்டு பேரும் ஒரே ரெஜிமெண்ட். கமல் பேரு மாலி போற லிஸ்ட்ல வந்துச்சு, கெளம்பற நேரத்துல கால் வீங்கிடுச்சு, அவன் எடத்துக்கு எங்க கலை போனான். அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்?

— நான் கொள்கையோட பேசறேன். இன்னும் ஆளு போனா இன்னும் பொணம்தான் வரும்.

— ஏங்க, போதுங்க.

— நீ உள்ள போ, செல்வா.

— போவ மாட்டேன். கொள்கையாம் கொள்கை! ஆளனுப்பினா மொதல்ல கமல் பேருதான் வரும்னு உங்களுக்கு பயம். அத சொல்லுங்க அண்ணன்கிட்ட. நாலு மாசமா பெரிய மார்க்கெட்ல அண்ணியப் பாத்தா மீன்காரிங்க பின்னாடி போயி ஒளியறேன். என்னால முடியல. நீங்க சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்.

— புருஷோத்தமா…

— சொல்லு.

— அவன் முட்டிக்கு ஒண்ணும் இல்லடா. நான்தான் போன்ல சொல்லிக் குடுத்தேன். டாக்டரப் பாக்கறதுக்கு முன்னாடி பச்சரிசியத் தரையில கொட்டி, அதுமேல ரெண்டு மணி நேரம் முட்டி போட்டு நில்லுன்னு. நம்ம காலத்துல ஆப்பிரிக்கா போவ பயந்தவனுங்க பண்ண வேல. அன்னிக்கு அவனுங்கள காறித் துப்பினவன் நான். என் புள்ளைக்குன்னு வந்ததும் நானே வாத்தியாரு ஆயிட்டேன். இந்த ஜூலை பதினாலு பிரெஞ்சு தேசிய நாளுக்கு மெடலக் குத்திக்கிட்டு பீச்ல உன் பக்கத்துலதான் நடந்தேன். உடம்பே கூசுச்சு. வெக்கம் கெட்டவன்டா நான்.

— காப்பி ஆறுது பாரு. குடி.

— பேனாவக் குடு. போடறேன். கமல் பேரு வந்தா வரட்டும்.

— போடறதும் போடாததும் உன் இஷ்டம்.

— இவ்ளோ சொல்லியும் ஒரு வார்த்த திட்ட மாட்டியா? செருப்பக் கழட்டி அடிச்சிட்டாவது போடா!

— எனக்குத் தெரியும், ராமலிங்கம். அந்தப் பச்சரிசிய அங்க கடைக்குப் போயி கமலுக்கு வாங்கியாந்து குடுத்ததே எங்க கலைதான்.