பௌர்ணமிக்கு மறுநாள் முதல் பீரியட்

31.5.2003 அன்று பணி நிறைவு பெறும் எம் பள்ளித் தலைமையாசிரியர் திருமதி மணிமொழி அம்மையார் அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

மலையைப் பார்த்து நிற்கும் பள்ளிக்கு மணியடிக்கும் முன்பே வந்து நிற்கும் மாண்புடையீர்! பிரம்பைத் தொடாமலே பிள்ளைகளையும், பதிவேட்டைத் திறக்காமலே எங்களையும் அச்சப்பட வைத்த பெருந்தகையே! கரும்பலகையில் ஒருநாளும் பொய் எழுதாத கைக்கு உரியவரே! வணக்கம்.

ஆசிரியப் பணியில் தங்களுக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள். அவற்றில் கடைசிப் பத்தும் இங்கே. அச்சகத்தில் மடல் தயாராகவே இருந்தது. கருணைக் கடல், அறிவுச் சுடர் எல்லாம் அதில் உண்டு. பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டோம். தாங்கள் கருணைக் கடல் இல்லை என்பது எங்களில் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்த அனைவருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக, இந்தப் பள்ளி தன் மகளுக்குப் பொருந்துமா என்று பார்க்க வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறோம். பாதி எங்கள் கண்முன் நடந்தது. மீதியை அவரே எங்களிடம் சொன்னார்.

அன்வர் பாஷா கடைத்தெருவில் தராசு பழுது பார்ப்பவர். அவருடைய மூத்த மகள் நூரைன் எட்டாம் வகுப்பு முடித்தாள்; அவள் படித்த பள்ளியில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. 1996 ஜூன் முழுவதும் அவர் வீட்டில் இதே பேச்சு. படித்தது போதும், நிறுத்திவிடுங்கள் என்றார் மனைவி வஜீதாவின் அண்ணன். சொல்லிக் கொடுக்கிற பள்ளியாக இருந்தால் போகட்டும், சும்மா உட்கார வைக்கிற பள்ளி என்றால் அதற்கு வீடே போதும் என்றார் வஜீதா. எங்கள் அரசுப் பள்ளியைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்த வஜீதா கணவரிடம் சொன்னார்:

"ஊர்ல இருக்கற தராசுக்கெல்லாம் குறை சொல்றீங்க இல்ல? அந்த ஸ்கூலையும் ஒருதரம் தூக்கிப் பாத்துட்டு வாங்க."

தராசைச் சோதிக்க அன்வர் பாஷாவுக்கு ஒரு முறை உண்டு. முதலில் வெறும் தட்டுகள் சமமாக நிற்கின்றனவா என்று பார்ப்பார். பிறகு ஒரு தட்டில் எடைக்கல், மறு தட்டில் அதே அளவு சரக்கு. முள் நடுவில் நின்றாலும் நம்பமாட்டார். கல்லையும் சரக்கையும் தட்டு மாற்றி வைப்பார். மாற்றிய பிறகும் முள் அசையாமல் நின்றால்தான் அந்தத் தராசுக்கு அவர் வாயிலிருந்து நல்ல சொல் வரும். இருபது ஆண்டுகளாகத் தவறாத இந்த முறையை அவர் மறந்தது ஒரே ஒரு காலையில்தான். அது எங்கள் பள்ளிக்கு வந்த காலை.

ஜூலை முதல் தேதி, திங்கட்கிழமை. முந்தைய இரவு பௌர்ணமி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் அவர்கள் குடும்பம் பொம்மைக் கடை போடும். விடிந்ததும் கடையைக் கட்டிவிட்டு, பிள்ளைகளை வீட்டில் படுக்க வைத்து, முகம் கழுவிக்கொண்டு நேராக இங்கே வந்தார். அலுவலகத்துக்குப் போகவில்லை. ஒன்பதாம் வகுப்பு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். பாதிப் பிள்ளைகள் பெஞ்சில் தலை கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாய் திறந்திருந்தது. மீதிப் பேர் சத்தமில்லாமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் தாங்கள் இருந்தீர்கள். யாரையும் எழுப்பவில்லை.

வஜீதாவிடம் சொல்லவேண்டிய பதில் அவருக்கு அப்போதே கிடைத்துவிட்டது. திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் பழுதான தராசைத் திறந்து பார்க்காமல் கீழே வைத்துப் பழக்கமில்லாத மனிதர். கேட்டே விட்டார்.

"என்னா டீச்சர், பசங்க தூங்குது, நீங்க பாத்துக்கினு உக்காந்துருக்கீங்க?"

"மெதுவா பேசுங்க பாய், எழுந்துக்கப் போறாங்க" என்று சொல்லி, தாங்கள் அவரை வராந்தாவுக்கு நகர்த்தினீர்கள். வந்த காரணத்தை விசாரித்தீர்கள். அவர் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"உங்க பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

"வூட்ல. ராத்திரி பூரா கடையில இருந்தா. தூங்குறா."

"இவங்களும் ராத்திரி பூரா சுக்கு காபி வித்தவங்க, செருப்புக்குக் காவல் இருந்தவங்கதான். உங்க பொண்ணு வூட்ல தூங்குறா, இவங்க இங்க தூங்குறாங்க. எழுந்ததும் இவங்களுக்குப் பாடம் இருக்கு."

தாங்கள் இங்கே வருமுன் பௌர்ணமிக்கு மறுநாள் வகுப்புக்கு மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் வந்தாலே அதிகம். வந்தவர்களும் தூங்கி அடி வாங்கினார்கள். அடுத்த மாதம் அவர்களும் வரவில்லை. தாங்கள் ஒரு வழக்கம் வைத்தீர்கள். அன்று முதல் பீரியட் தூக்கம். இரண்டாம் பீரியட்டில் முந்தைய நாள்களில் விட்டுப்போன பாடம். எங்களில் சிலர் அதைப் பற்றிப் பின்னால் பேசிச் சிரித்தோம். இன்று இதில் எழுதி ஒப்புக்கொள்கிறோம். ஆய்வுக்கு வந்த அலுவலர் ஒருவர் எழுத்தில் விளக்கம் கேட்டபோது, பௌர்ணமிக்கு மறுநாளும் வகுப்பு நிறைந்திருந்ததைக் காட்டும் வருகைப் பதிவேட்டின் நகலை மட்டும் அனுப்பினீர்கள். வேறு ஒரு வரியும் எழுதவில்லை. அவரிடமிருந்தும் பதில் வரவில்லை.

அன்வர் பாஷா வராந்தாவிலேயே மணியடிக்கும் வரை நின்றார். பிள்ளைகள் எழுந்தார்கள், குழாயடிக்குப் போய் முகம் கழுவினார்கள், திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பாடம் தொடங்கியது. அப்போதுதான் தட்டு மாற்றிப் பார்க்கவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது.

அன்று பிற்பகல், ஆண்டுதோறும் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பெயர் வாங்கிய ஒரு தனியார் பள்ளிக்குப் போனார். அங்கே யாரும் தூங்கவில்லை. சுவர் பளிச்சென்று இருந்தது. பௌர்ணமிக்கு மறுநாள் உங்கள் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். கடை போடுகிற வீட்டுப் பிள்ளைகளைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை என்று மரியாதையாகவே பதில் வந்தது. நூற்றுக்கு நூறு எப்படி என்று கேட்டார். ஒன்பதில் தேறமாட்டார்கள் என்று தெரிபவர்களைப் பத்துக்கு அனுப்புவதில்லை என்றார்கள். அவர்கள் எங்கே போவார்கள் என்றும் கேட்டிருக்கிறார். அங்கே யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் மீண்டும் இங்கே வந்தவர், வாசலில் தாங்கள் எழுதி வைக்கும் பலகையின் முன் நின்றார். 'ஒன்பதில் சேர்ந்தவர் 64. பத்து எழுதியவர் 61. தேறியவர் 38.' இப்படி மூன்று வரி எழுதும் பள்ளியை அவர் அதற்குமுன் பார்த்ததில்லையாம். உள்ளே வந்து, நல்லதைச் சொல்லவேண்டாம், குறையைச் சொல்லுங்கள் என்றார். தாங்கள் தயங்கவில்லை. கணக்கு ஆசிரியர் பணியிடம் இரண்டு ஆண்டாகக் காலி. வரலாறு படித்த தாங்களே கணக்கு எடுக்கிறீர்கள், அதுவும் சுமாராகத்தான். ஆய்வகத் தராசு ஆடுவதில்லை. பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்கிறாள்.

"தாப்பா இல்லாத எடத்துக்கு எம் பொண்ண அனுப்ப முடியாது டீச்சர்."

"சரிதான் பாய். எப்ப வந்து போட்றீங்க?"

அன்று மாலையே பையோடு வந்தார். தாழ்ப்பாளைப் பொருத்தினார். கேட்காமலே ஆய்வகத் தராசையும் சரி செய்தார். மறுநாள் நூரைன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள்.

இத்துடன் முடித்தால் மடல் அழகாக இருக்கும். ஆனால் 1998 தேர்வில் நூரைன் கணக்கில் இருபத்தொன்பது மதிப்பெண் வாங்கித் தோற்றாள். அந்த ஆண்டுப் பலகையில் அறுபத்தெட்டுப் பேர் எழுதி நாற்பத்தைந்து பேர் தேறியிருந்தார்கள். அன்வர் பாஷா வந்து அதன் முன் நெடுநேரம் நின்றார். வீட்டில் மாமன்காரர் பேச்சை மறுபடி தொடங்கியிருந்தார். இந்த முறை ஒரு மாப்பிள்ளையின் பெயரும் சேர்ந்திருந்தது. தேறாத இருபத்து மூன்று பேரில் என் மகளும் உண்டா என்று தங்களிடம் கேட்டார். உண்டு என்றீர்கள். பிறகு தாங்கள் சொன்னதை அலுவலகத்தில் இருந்த நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"கணக்கு நான்தான் எடுத்தேன் பாய். அவ மேல தப்பு கம்மி, எம் மேல ஜாஸ்தி. அக்டோபர் வரைக்கும் டைம் குடுங்க."

அடுத்த சனிக்கிழமை நூரைன் வந்தாள். வேறொரு பள்ளியின் கணக்கு ஆசிரியர் பரசுராமன் அவர்களைத் தாங்கள் கெஞ்சி அழைத்து வந்திருந்தீர்கள். இருபத்து மூன்று பேரோடு கடைசி பெஞ்சில், நோட்டும் பேனாவுமாகத் தாங்களும் உட்கார்ந்தீர்கள். ஒரு கணக்கைத் தவறாகப் போட்டு அவரிடம் திட்டும் வாங்கினீர்கள். நூரைன் வீட்டில் இதைச் சொன்னபோது வஜீதா சிரித்தாராம்.

"டீச்சருக்கே வரலியா? அப்ப போ, அந்த அம்மாவுக்குத் துணையா இருக்கும்."

மாப்பிள்ளை வீட்டாருக்கு அக்டோபர் வரை பதில் போகவில்லை. அக்டோபர் தேர்வில் பத்தொன்பது பேர் தேறினார்கள். நூரைனுக்குக் கணக்கில் ஐம்பத்தொன்று. நால்வர் தேறவில்லை, அவர்களையும் மறைக்காமல் சொல்கிறோம். முடிவு தெரிந்த அன்று அன்வர் பாஷா வந்து, பலகையில் நாற்பத்தைந்தை அறுபத்து நான்காகத் திருத்தச் சொன்னார். தாங்கள் மறுத்தீர்கள். மார்ச்சில் நடந்தது மார்ச்சில் நடந்ததுதான் என்றீர்கள். அவர் தங்களை ஒருமுறை பார்த்தார், பலகையை ஒருமுறை பார்த்தார். அடுத்த ஜூனில் மகன் சுஹைலை ஆறாம் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தார். அந்த முறை எந்த ஜன்னலிலும் எட்டிப் பார்க்கவில்லை.

தலைமையாசிரியர் அவர்களே! நூரைன் மேலே படித்து, இன்று ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை செய்கிறாள். சுஹைல் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புக்குப் போகிறான். கணக்கு ஆசிரியர் வந்துவிட்டார். தாழ்ப்பாள் இருக்கிறது. தேர்ச்சி இன்னும் நூறு ஆகவில்லை. வாசல் பலகையில் மூன்று வரி எழுதும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

நல்ல உடலும் நல்ல பார்வையும் நெடுநாள் தங்களுக்கு நிலைக்கட்டும். நாளைக் காலை முதல் பீரியட் தாங்கள் தூங்கலாம். நாங்கள் யாரும் எழுப்பமாட்டோம். எழுந்ததும் பாடம் இருக்கிறது. இந்த ஆண்டு தேறாத பதினேழு பேருக்கு ஜூன் ஏழாம் தேதி சனிக்கிழமை வகுப்பு தொடங்குகிறது. கடைசி பெஞ்சில் தங்கள் இடத்தில் யாரையும் உட்கார விடமாட்டோம்.

இவண்,
ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், சத்துணவுப் பணியாளர்கள், இரவுக் காவலர்
திருவண்ணாமலை