பிராசசர் ஓடும்போது மாவாட்டக் கூடாது

இளம்பிள்ளையிலிருந்து சேலம் வரும் பஸ்ஸில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தேன். முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும். அவர் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிறவர், அந்த அம்மா இட்லி மாவு விற்கிறவர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“ஏனுங்க, கம்ப்யூட்டருக்குப் புது பிராசசர் போட்டா நான் மாவாட்டக் கூடாதுங்களா?”

“அது ஓடறப்ப மட்டும் வேண்டாம் புள்ள. கிரைண்டரும் சேர்ந்து ஓடுனா ஊட்டுல பீஸ் போயிரும்.”

“இருக்கறதே போதாதுங்களா?”

“பக்கத்துத் தெருக்காரன் வேற கம்பெனிது போட்டுட்டான். வேகமா முடிச்சுக் குடுக்கறான்னு தறிக்காரங்க அங்க போறாங்க.”

“அது கரண்டு கம்மியா இழுக்குதுங்களா?”

“எங்க! யாரு வேகம்னு ரெண்டு கம்பெனியும் போட்டி போட்டுக்கிட்டு கரண்டை இழுக்குது.”

“அவங்க போட்டிக்கு எங்கிரைண்டர் நிக்கோணுமாக்கும்? மாவு இல்லைன்னா எங்கிட்ட வாரவங்களும் வேற ஊட்டுக்குத்தானுங்க போவாங்க.”

அவர் அந்த அம்மா பக்கம் திரும்பினார்.

“சரி, விடியக்காலம் நீ ஆட்டிக்க. நீ முடிச்சப்பறம் நான் கம்ப்யூட்டரைப் போடறேன்.”

“அப்ப வெரசா முடியட்டும், மாவு வழிக்க நீங்களும் எந்திரிங்க.”

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

விரலில் நின்றிருந்த மணியை அவர்களுக்காகச் சொன்னேன். மாதாவே, அந்த வீட்டில் பீஸ் போகாமல் பார்த்துக்கொள்ளும்.