குக்குறுவான் பொந்து

டீ ஆறிப்போகும் வரை சன்னலோரம் உட்கார்ந்திருப்பது என் பழக்கம். கையெட்டும் தூரத்தில் வாகைமரம். அதில் வந்துபோவதையெல்லாம் பதினோரு வருஷமாக நோட்டில் எழுதிவருகிறேன். தேதி, நேரம், பார்த்தது. ஊகத்தை எழுதமாட்டேன்.

இந்த வருஷம் பட்டுப்போன கிளையில் ஒரு குக்குறுவான் ஜோடி பொந்து குடைந்து இரண்டு குஞ்சு பொரித்திருந்தது. அதற்கு மேலே, இலை மறைவில், கதண்டுகள் கூடு கட்டியிருந்தன. கூட்டமாகக் கொட்டினால் ஆளையே கொன்றுவிடும் பெரிய குளவிகள். என் மாடிச் சன்னலிலிருந்து மட்டும்தான் அந்தக் கூடு தெரியும். ஒரு நாள் உச்சி வெயிலில் காக்கை ஒன்று அந்தக் கிளையில் உட்கார்ந்தது. ஐந்து எண்ணுவதற்குள் கூடே கிளம்பி வந்தது. காலையில் அப்படி வருவதில்லை. அதையும் எழுதியிருக்கிறேன்.

கீழ்வீட்டில் அக்கா இருக்கிறாள். எனக்கும் சாப்பாடு அங்கேதான். அக்கா கணவர் கலகலப்பான மனிதர். சருகு விழுந்து மழைநீர்க் குழாய் அடைக்கிறது, மரத்தை வெட்டிவிடலாம் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மச்சானுக்குப் பொண்ணு பாக்கணும்னா றெக்க மொளச்சவளாத்தான் பாக்கணும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணியும் அரிவாளுமாக வந்து நின்றார்.

"மேல ஏதாச்சும் இருக்கா மச்சான்? மரத்தோட ஜாதகமே உன் நோட்டுலதான இருக்கு."

"குஞ்சு இருக்கு மாமா. காலைல தாய் எர கொடுக்கும். மதியமா ஏறுங்க."

"சரி, அதுங்க சாப்ட்டு முடிக்கட்டும்" என்று ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். அவ்வளவு நல்லவர்.

மதியம் ஏறினார். நான் சன்னலைச் சாத்திக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தேன். விழுந்த பிறகும் அவை அவரை விடவில்லை. இரண்டு முறை "மச்சான்" என்று கூப்பிட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின் அக்கா கேட்டாள்: "உனக்குத் தெரியாமலாடா இருந்துச்சு?"

"எல மறச்சிருந்துச்சுக்கா."

நம்பிவிட்டாள். இப்போது முதல் கரண்டிச் சோறு என் தட்டில்தான் விழுகிறது. முன்பெல்லாம் அது அவருக்கு. அதுதான் தொண்டையில் இறங்கவில்லை. நோட்டோடு இந்த ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தது அதனால்தான்.

கதண்டைப் பற்றி எழுதிய பக்கங்கள் அப்படியே இருக்கின்றன, பாருங்கள். இரண்டு சின்ன உயிர்களுக்காக வாயை மூடிக்கொண்டேன் என்று சொல்லத்தான் வந்தேன். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்தேன். எனக்கே இரக்கமாக இருந்தது.

ஆனால் நடுவில் ஒரு பக்கம் கிழிந்திருப்பதை நீங்கள் கவனித்துவிட்டீர்கள். பதினோரு வருஷத்தில் நான் கிழித்த ஒரே பக்கம். அவர் மரம் ஏறியதற்கு இரண்டு நாள் முந்தியது. சட்டைப்பையில்தான் இருக்கிறது, இந்தாருங்கள்.

வெள்ளிக்கிழமை. காலை 6.40. இரண்டாவது குஞ்சும் பறந்துவிட்டது. பொந்து காலி.